மருந்து என்று சொல்லாதீர்கள், நஞ்சு என்று சொல்லுங்கள்

 

இது நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாவிட்டால் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள். பதுளை, பசறை, ஹாலிஎலை, வெலிமடை, லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்கள் நாங்கள். எங்கள் வகுப்புகளில் லயத்திலிருந்து வரும் பிள்ளையும் இருக்கிறது, டவுனில் கடை வைத்திருப்பவரின் பிள்ளையும் இருக்கிறது, மரக்கறித் தோட்டம் செய்பவரின் பிள்ளையும் இருக்கிறது. அந்த எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிப் புழங்குகிற ஒரு சொல்லைப் பற்றித்தான் கதைக்கப் போகிறோம்.

அந்தச் சொல் மருந்து.

ஒரு நாளைக்கு எத்தனை இடத்தில் இந்தச் சொல் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். காய்ச்சல் என்றால் மருந்தெடுக்கப் போகிறோம். காலில் வெட்டுப்பட்டால் மருந்து கட்டுகிறோம். பிள்ளை பெற்ற வீட்டில் சரக்கு மருந்து இடிக்கிறார்கள். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்தால் அது கைமருந்து. எலிக்கு மருந்து வைக்கிறோம், நுளம்புக்கு மருந்து அடிக்கிறார்கள். பெருநாளைக்கும் தீபாவளிக்கும் கொளுத்துகிற பட்டாசுக்குள் இருப்பதும் மருந்து. கல்யாணம் முடித்த பையன் மாமியார் வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டால் ‘மருந்து குடுத்து மயக்கிட்டாங்க’ என்று ஊர் பேசும். டப்பாவில் சீனி தீர்ந்துபோனால் ‘மருந்துக்கும் இல்ல’ என்போம். தேயிலை மலையில் புல்லுக்கு மருந்து. வெலிமடையில் கிழங்குக்கும் கோவாவுக்கும் மருந்து.

கடைசியாக ஒன்று இருக்கிறது. ‘ஐயோ, புள்ள மருந்து குடிச்சிருச்சு!’ என்று லயத்துக் கோடியிலிருந்து ஒரு சத்தம். அப்போது எந்த மருந்து என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் விளங்கும்.

உயிரைக் காப்பாற்றுவதற்கும் மருந்து, உயிரை எடுப்பதற்கும் மருந்து. இந்தக் குழப்பத்தை ‘பேச்சு வழக்குத்தானே’ என்று விட்டுவிட முடியாது என்பதே எங்கள் வாதம். பயிருக்கு அடிக்கிற இரசாயனத்தை மருந்து என்று சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். அதற்கு நம்மிடம் பழைய, நல்ல, எல்லோருக்கும் விளங்குகிற தமிழ்ச் சொல் இருக்கிறது. நஞ்சு. விஷம் என்றாலும் சரிதான்.

நாங்கள் தூய தமிழ்ப் பிரசாரம் செய்ய வரவில்லை. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது மொழிக்கு அழகு. வெடிமருந்தை வெடிமருந்து என்று சொல்வதால் யாரும் அதைக் கரண்டியில் ஊற்றிக் குடிப்பதில்லை. ‘மருந்துக்கும் இல்ல’ என்பதால் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. அவையெல்லாம் இருக்கட்டும். எங்கள் பிரச்சினை ஒரேயொரு பொருளோடுதான்.

முதலில் இந்தச் சொல்லுக்கு நம் மனதில் இருக்கிற மரியாதையைப் பாருங்கள். திருக்குறளில் மருந்து என்றே ஒரு அதிகாரம் உண்டு, 95ஆவது அதிகாரம். அதில் பெரும்பகுதி அளவறிந்து, பசியறிந்து உண்பதைப் பற்றியது. ஹதீஸ் கிரந்தங்களில் மருத்துவத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அல்லாஹ் நோயை இறக்கியபோது அதற்கு நிவாரணத்தையும் இறக்கினான் என்பது நம் பிள்ளைகள் மத்ரஸாவில் கேட்டு வளர்கிற செய்தி. சாகாமல் வைக்கிற அமுதத்தையும் மருந்து என்றுதான் நம் முன்னோர் சொன்னார்கள். தமிழில் இவ்வளவு நம்பிக்கை ஏற்றப்பட்ட சொற்கள் அதிகம் இல்லை. மருந்து என்றால் கசந்தாலும் குடி, உனக்கு நல்லது. மூன்று வயதுப் பிள்ளைக்கு உம்மா சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

அந்த நம்பிக்கையை அப்படியே தூக்கி ஒரு களைநாசினிக் கேனின் மேல் ஒட்டிவிட்டோம். அதன் விளைவை நான்கு இடங்களில் காட்டுகிறோம்.

முதலாவது இடம், மலை.

காலையில் பெரட்டில் வேலை பிரிக்கும்போது ‘நீ மருந்தடி’ என்று சொல்லப்படுகிறது. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் மலை ஏறுகிறார். சரிவில் காற்று எந்தப் பக்கமும் திரும்பும். டேங்கின் மூடி இறுக்கமில்லாவிட்டால் முதுகு நனையும். கையுறை, முகமூடி, பூட்ஸ், மேலங்கி எல்லாம் தரப்பட வேண்டும் என்பது ஒழுங்கு. தந்தாலும் வெயிலில் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது என்று பலர் கழற்றி வைக்கிறார்கள். தராத இடத்தில் கேட்பதும் இல்லை. ஏன் கேட்பதில்லை? பயம், வேலை போய்விடும் என்ற எண்ணம், அரைப்பேர் விழும் என்ற கவலை. எல்லாம் உண்மை. அதோடு இதையும் சேருங்கள். மருந்துக்கு எதற்கு முகமூடி? மருந்து தோலில் பட்டால் என்ன ஆகும்? புல்லுக்குத்தானே அடிக்கிறோம்?

அதே மனிதரிடம் ‘இன்றைக்கு நீ நஞ்சு அடிக்கப் போ’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி தானாக வரும். ‘அப்போ கையுறை எங்கே, தொர?’ அந்தக் கேள்வி வரக்கூடாது என்பவர்களுக்கு மருந்து என்ற சொல் மிகவும் வசதியானது.

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் தேயிலையை வாங்குகிற ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் அதில் இன்ன இரசாயனத்தின் எச்சம் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அளவு வைத்திருக்கின்றன. ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்கிறார்கள். கோப்பைக்குள் வரும் மிகச் சிறிய அளவுக்கே அவர்கள் பயப்படுகிறார்கள். அதை முதுகில் சுமக்கிறவருக்கு மட்டும் அது மருந்து.

இரண்டாவது இடம், வீடு.

லயத்து அறையில் தனிக் களஞ்சியம் கிடையாது. சமைக்கிற இடம், படுக்கிற இடம், சாமான் வைக்கிற இடம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். வீட்டுத் தோட்டத்துக்கென்று கொஞ்சம் வாங்கி வந்தது சோடாப் போத்தலில் ஊற்றப்பட்டு மூலையில் இருக்கும். முடிந்த கேன் கழுவப்பட்டு மண்ணெண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எடுக்கப்படும். பிள்ளை கேட்கும், ‘அது என்ன?’ பெரியவர்கள் சொல்வார்கள், ‘அது மருந்து, தொடாதே.’

இந்தப் பதிலை ஒரு சின்னப் பிள்ளையின் காதால் கேட்டுப் பாருங்கள். நேற்று இருமலுக்கு உம்மா கரண்டியில் ஊட்டியது மருந்து. இனிப்பாக இருந்தது. குடித்ததும் ‘நல்ல புள்ள’ என்று சொன்னார்கள். இன்றைக்கு மூலையில் இருப்பதும் மருந்து. ‘தொடாதே’ என்பதைப் பிள்ளை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறது. மருந்து என்ற சொல்தான் மனதில் நிற்கும். ஒரே பெயரை வைத்துவிட்டு, பிள்ளை வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது இடம், ஆஸ்பத்திரி.

இங்கேதான் நிமிடங்கள் முக்கியம். பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ ஒரு நோயாளியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். கூட வந்தவர் பதற்றத்தில் சொல்கிறார், ‘மருந்து குடிச்சிட்டாங்க.’ சிங்களத்தில் சொன்னாலும் அதே கதைதான். ‘பெஹெத்’ என்ற சொல்லும் இரண்டுக்கும் பொது. இப்போது டொக்டருக்கு என்ன விளங்க வேண்டும்? வீட்டில் இருந்த பிரஷர் மாத்திரையா? பனடோல் அட்டையா? பூச்சிக்கு அடிக்கிற நஞ்சா? புல்லுக்கு அடிக்கிற நஞ்சா?

இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. சேதன பொஸ்பரஸ் வகைப் பூச்சிநஞ்சு என்றால் அற்றோபின் கொடுக்கிறார்கள். பனடோல் அளவுக்கு மீறிப் போயிருந்தால் அசிட்டைல்சிஸ்டீன். ஒன்றுக்கு உரியது மற்றதற்கு உதவாது. சில நஞ்சுகளுக்கு மாற்று மருந்தே கிடையாது. குடித்தவர் முதல் நாள் தெளிவாகக் கதைத்துக்கொண்டிருப்பார், வீட்டார் ‘சுகமாகிட்டாங்க’ என்று நினைப்பார்கள், பிறகுதான் உள்ளுறுப்புகள் செயலிழக்கும். ஆகவே ‘என்ன குடித்தது’ என்ற கேள்விக்குச் சரியான பதில் உயிர் சம்பந்தப்பட்டது. பூச்சிநஞ்சினால் இறப்பது குறைந்து, மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கி ஆஸ்பத்திரிக்கு வருவது கூடியிருக்கிற இந்தக் காலத்தில் அந்தப் பதில் முன்னைவிட முக்கியம். ‘மருந்து’ என்ற பதில் பதிலே அல்ல.

நான்காவது இடம், நாம் வெளியே கதைக்க விரும்பாத இடம்.

‘மருந்து குடிச்சிட்டா’ என்பதற்கு மலையகத்தில் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. 1995ஆம் ஆண்டு இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அதில் பெரும்பங்கு பயிர் இரசாயனங்கள். 2005 ஆகும்போது அந்த விகிதம் ஏறக்குறைய பாதியாகியது. அதன் பிறகும் இறங்கியது.

எப்படி இறங்கியது? நாம் எல்லோரும் திடீரென்று சந்தோஷமாகிவிட்டோமா? யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சம்பளம் கூடவில்லை. குடும்பச் சண்டை குறையவில்லை. விஷம் குடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கைகூட அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது வந்தவர்கள் இறப்பது. காரணம் சட்டம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு பதிவாளர் நியமிக்கப்பட்டார். 1984இல் பரத்தியன் வகைகள் நிறுத்தப்பட்டன. 1995இல் உலக சுகாதார நிறுவனம் மிகவும் ஆபத்தானவை என்று வகைப்படுத்தியவற்றில் மிஞ்சியிருந்தவை நிறுத்தப்பட்டன. 1998இல் எண்டோசல்பான். 2008 தொடக்கம் 2011 வரை டைமெதோவேட், பென்தியன், பரகுவாட் மூன்றும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. ஒவ்வொரு தடையும் உயிர்களைக் காப்பாற்றியது. கோபத்தில், அவமானத்தில், ஒரு நிமிடத்து ஆத்திரத்தில் கைக்கெட்டியதை எடுத்தவர்கள் பிழைத்து எழுந்தார்கள். அவர்களில் பலர் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

‘அப்படியென்றால் சட்டம்தானே காப்பாற்றியது, சொல்லை மாற்றி என்ன பயன்?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்கிறோம்.

சொல்லை மாற்றினால் மட்டும் தற்கொலை நிற்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. பூட்டி வைத்தால் போதும் என்றுகூடப் பலர் நம்பினார்கள். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிக் கிராமங்களில் வீடு வீடாகப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே எளிய தீர்வு என்று யாரும் எதையும் விற்க வர வேண்டாம், எங்களையும் சேர்த்துத்தான்.

ஆனால் யோசியுங்கள். அந்தச் சட்டங்கள் ஏன் வந்தன? ஆஸ்பத்திரிகளில் நின்ற வைத்தியர்களும் பதிவாளர் அலுவலகத்தில் இருந்தவர்களும் அந்தப் பொருளை நஞ்சு என்று பார்த்தார்கள், நஞ்சு என்று எழுதினார்கள், நஞ்சு என்று எண்ணினார்கள். மருந்து என்றால் அது கிடைக்கவேண்டும், மலிவாகக் கிடைக்கவேண்டும், தட்டுப்பாடில்லாமல் கிடைக்கவேண்டும். நஞ்சு என்றால் அதை யார் விற்கலாம், யாருக்கு விற்கலாம், எவ்வளவு விற்கலாம் என்ற கேள்விகள் வரும். மக்கள் எந்தச் சொல்லால் ஒரு பொருளை அழைக்கிறார்களோ, அந்தச் சொல்லுக்கு ஏற்ற சட்டத்தைத்தான் கேட்பார்கள்.

2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்தத் தடை சரியா பிழையா, அறிவியல் என்ன சொல்கிறது என்பது வேறு விவாதம். அதற்குள் நாங்கள் போகவில்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. தோட்ட நிர்வாகங்கள் கதைத்தன, ஏற்றுமதியாளர்கள் கதைத்தார்கள், அரசாங்கம் கதைத்தது. அந்த டேங்கை முதுகில் சுமக்கிறவர் என்ன சொல்கிறார் என்று யாராவது மேசைக்குக் கூப்பிட்டுக் கேட்டதாக நம் காதில் விழவில்லை. அவரும் கேட்கவில்லை. ‘மருந்து திரும்ப வருதாம்’ என்பதோடு லயத்தில் பேச்சு முடிந்தது.

இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. அது நம் வெட்கம் சம்பந்தப்பட்டது. ‘மருந்து மாறிக் குடிச்சிட்டா’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. முஸ்லிம் வீட்டிலும் இருக்கிறது, இந்து வீட்டிலும் இருக்கிறது, கிறிஸ்தவ வீட்டிலும் இருக்கிறது. மார்க்கத்தில் தடுக்கப்பட்ட ஒன்று நம் வீட்டில் நடந்துவிட்டது என்று வெளியே தெரியக்கூடாது. மையத்துக்கு ஆள் வருவார்களா என்ற பயம். பொலிஸ் வருமா என்ற பயம். மருந்து என்ற சொல் இரண்டு பக்கமும் திரும்புவதால் அதற்குள் ஒளிந்துகொள்ள முடிகிறது. அந்தக் குடும்பங்களைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் பிழைத்து வந்த பிள்ளைக்கு அந்த ஒளிப்பு என்ன செய்கிறது? ‘அவள் தெரியாமல் மருந்தை மாற்றிக் குடித்தாள்’ என்று முடித்துவிட்டால், அவள் ஏன் அந்த இடத்துக்குப் போனாள் என்று கேட்க வழியில்லை. அவளை யாரிடமும் கூட்டிக்கொண்டு போகவும் வழியில்லை. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்றிருந்த சட்டப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அது நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. உதவி கேட்பது குற்றமில்லை. தயவுசெய்து இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

ஒரு விசித்திரத்தைக் கவனித்தீர்களா? கடையில் வாங்கும்போது அது மருந்து. மலையில் அடிக்கும்போது அது மருந்து. வீட்டு மூலையில் இருக்கும்போது அது மருந்து. யாராவது இறந்துபோன மறுநாள் பத்திரிகையில் மட்டும் ‘நஞ்சருந்தி மரணம்’ என்று வரும். அதே போத்தல், அதே திரவம். நஞ்சு என்ற சொல் நம் ஊருக்கு மையத்துக்குப் பிறகுதான் வந்து சேர்கிறது. அதை ஒரு நாள் முந்தி வரச் சொல்லித்தான் கேட்கிறோம்.

இனி, எங்களோடு வாதாடுகிறவர்கள் சொல்வதைப் பார்ப்போம்.

‘எல்லா மொழியிலும் அப்படித்தானே சேர்’ என்கிறார்கள். உண்மைதான். பழைய கிரேக்கத்தில் பார்மகோன் என்ற சொல் மருந்தையும் குறித்தது, நஞ்சையும் குறித்தது. மருந்துக் கடையின் ஆங்கிலப் பெயரான பார்மசியின் வேர் அங்கேதான். சீனத்தில் பயிர் இரசாயனத்தின் பெயரே ‘வேளாண் மருந்து’ என்று வரும். ஹிந்திக்காரரும் வயலுக்கு ‘தவாய்’ அடிப்பதாகத்தான் சொல்கிறார். ஆனால் எல்லா வீட்டிலும் கூரை ஒழுகுகிறது என்பது நம் வீட்டுக் கூரையைச் சும்மா விடுவதற்குக் காரணமாகுமா?

‘பாடப்புத்தகத்தில் பீடைநாசினி என்று சரியாகத்தானே இருக்கிறது’ என்கிறார்கள். இருக்கிறது. பரீட்சையில் பிள்ளைகள் பீடைநாசினி, களைநாசினி என்று எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் அது மருந்தாகிவிடுகிறது. நாசினி என்றால் நாசம் செய்வது என்று பிள்ளைக்கு யாரும் உடைத்துச் சொல்வதில்லை. அதோடு கிருமிநாசினி என்ற சொல் வேறு. பயிருக்கு அடிப்பதையும் செய்திகளில் கிருமிநாசினி என்கிறார்கள், கொரோனா காலத்தில் கையில் பூசியதையும் கிருமிநாசினி என்றார்கள். கையில் பூசிக் கொள்ளச் சொன்ன பெயரையே வயலுக்கு அடிப்பதற்கும் வைத்தால் என்ன விளங்கும்? அதிகாரிகளின் சொல் அதிகாரிகளுக்குத்தான் உதவும். பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே நேரத்தில் விளங்குகிற சொல் நஞ்சு.

‘வறுமையைப் பேசுங்கள், சம்பளத்தைப் பேசுங்கள், சாராயத்தைப் பேசுங்கள். சொல்லைப் பிடித்துத் தொங்காதீர்கள்’ என்கிறார்கள். அவற்றையும் பேசுகிறோம், இன்னும் பேசுவோம். ஒரு லயத்து அறையில் மூன்று தலைமுறை படுத்தால் சண்டை வராமல் என்ன வரும்? ஆனால் சம்பளத்தைக் கூட்ட எங்களால் முடியாது. லயத்தை வீடாக மாற்ற எங்களால் முடியாது. நாளைக் காலையிலிருந்து ஒரு பொருளை அதன் உண்மைப் பெயரால் அழைக்க எல்லோராலும் முடியும். செலவு ஒரு சதமும் இல்லை. செலவில்லாததையே செய்யாதவர்கள் பெரியதைச் செய்வார்கள் என்று எப்படி நம்புவது?

‘தோட்டத்து விஷயத்தில் முஸ்லிம் ஆசிரியர்களுக்கு என்ன வேலை?’ என்றும் ஒரு குரல் வரும். வரட்டும். அந்த நஞ்சை விற்கிற கடைகளில் நம்மவர் கடையும் இருக்கிறது. வெலிமடை, குருத்தலாவைப் பக்கம் கிழங்கும் மரக்கறியும் பயிரிடுகிறவர்களில் நம்மவரும் இருக்கிறார்கள். அந்த மரக்கறியை எல்லோரும்தான் தின்கிறோம். லயத்துப் பிள்ளை எங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. நஞ்சு யாருடைய மதத்தையும் கேட்டுவிட்டு வேலை செய்வதில்லை.

கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ‘என்ன நோய்? இந்த மருந்தை அடி’ என்று வைத்தியர் மாதிரிக் கதைக்கிறீர்கள். கம்பனிகளும் ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று அழகான பெயர் வைத்திருக்கின்றன. பயிரைப் பாதுகாக்கிறது சரி, வாங்கிக்கொண்டு போகிறவரைப் பாதுகாக்கிறதா? வியாபாரம் செய்ய வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விவசாயிக்கு அது தேவைப்படுகிற நேரம் உண்டு. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தப் போய் நாடு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். நாங்கள் கேட்பது தடை அல்ல, பெயர். பொருளின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. நஞ்சை மருந்தென்று சொல்லி விற்பது அந்தக் கணக்கில் வருமா வராதா என்று நீங்களே உங்கள் மனதைக் கேளுங்கள்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

1. ஆசிரியர்களே, சுற்றாடல் பாடத்திலும் சுகாதாரப் பாடத்திலும் இந்தச் சொல்லுக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். மருந்து எது, நஞ்சு எது என்று பிள்ளைகளையே பட்டியல் போடச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் வீட்டுக்குப் போகட்டும். பிள்ளை சொன்னால் தாய் கேட்பாள்.

2. தோட்டங்களிலே, பெரட்டில் வேலை பிரிக்கும்போது ‘நஞ்சடி’ என்று சொல்லுங்கள். தொழிற்சங்கத் தலைவர்களே, நீங்கள் முதலில் சொல்லுங்கள். கையுறை, முகமூடி, வேலை முடிந்து குளிக்கத் தண்ணீர், சவர்க்காரம் இவையெல்லாம் சலுகை இல்லை, உரிமை. அந்தச் சொல்லோடு சேர்த்தே கேளுங்கள்.

3. கடைக்காரர்களே, சில்லறையாகப் போத்தலில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். மூடிய கொள்கலனில், தமிழிலும் எழுதிய லேபலோடு கொடுங்கள். கொடுக்கும்போது வாயால் ஒரு தடவை ‘இது நஞ்சு’ என்று சொல்லுங்கள்.

4. வீட்டில், சாப்பிடுகிற குடிக்கிற போத்தலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். முடிந்த கேனை வெட்டி ஓட்டை போட்டுவிடுங்கள், தண்ணீருக்கு எடுக்காதீர்கள்.

5. யாராவது குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கிறோம் என்று சவர்க்காரத் தண்ணீரும் மற்றதும் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள் அல்லது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். போத்தலையோ லேபலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ‘மருந்து’ என்று சொல்லாதீர்கள். பூச்சிநஞ்சா, புல்நஞ்சா, மாத்திரையா என்று சொல்லுங்கள். சுகமாகத் தெரிந்தாலும் டொக்டர் சொல்லாமல் வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள்.

6. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பன்சலை எல்லா இடத்துப் பெரியவர்களுக்கும்: ஒரு ஜும்ஆவில், ஒரு பூசையில், ஒரு ஞாயிறில் இதைப் பேசுங்கள். பிழைத்து வந்தவரையும் இழந்த குடும்பத்தையும் ஒதுக்காதீர்கள். அவர்களுக்குத் தீர்ப்பு வேண்டாம், பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது மனது தாங்க முடியாமல் இருந்தால், 1926 தேசிய மனநல உதவி இலக்கம். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் கதைக்கலாம். பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். படிப்பித்த ஆசிரியரிடம் வந்து சொன்னாலும் சரி. நேரம் காலம் பார்க்க வேண்டாம்.

மருந்து நல்ல சொல். காய்ச்சலில் நெற்றியில் வைக்கிற கைக்கும், கசப்பென்று அழுகிற பிள்ளைக்கு ஊட்டுகிற கரண்டிக்கும் சொந்தமான சொல். அதை அந்தக் கேனிலிருந்து உரித்தெடுத்து அதன் இடத்தில் வையுங்கள். கேனுக்கு அதன் பெயரைக் கொடுங்கள்.

உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்வோம். உடன்படுகிறவர்கள் பகிருங்கள். முக்கியமாக, தோட்டத்தில் வேலை செய்கிற உங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.